விசாவில் இல்லாத ஊர்

அந்த ரயில் அரியலூரில் இரண்டு நிமிடம்தான் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காக நாங்கள் வாரக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசினோம்.

கார்கில் சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெரம்பலூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான்தான். வாங்கிய கையோடு எதையாவது செய்தாக வேண்டும் என்று உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. பேப்பரில் எந்தச் செய்தியைப் படித்தாலும் அதில் எனக்கும் ஒரு வேலை இருப்பதாகவே தோன்றும். இந்தியா, பாகிஸ்தான் இரண்டு நாட்டு மக்களும் நேரில் பார்த்துப் பேசினால் பகை குறையும் என்று நம்பிய சின்னக் குழு ஒன்றில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வங்கியில் வேலை பார்த்த ஒரு சார், குரும்பலூரிலிருந்து வரும் நர்ஸ் அக்கா, லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர், நான். மற்றவர்கள் வருவார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். பாய் சார்ஜாவில் டிரைவர். அப்போது லீவில் வந்திருந்தார். வீட்டில் அவர் பேசுவது தமிழ்தான். ஆனால் பெஷாவர்க்காரர்களோடு ஒரே அறையில் பல வருடம் இருந்ததில் உருது தண்ணீர்பட்ட பாடாக வரும். எங்களில் அந்த நாட்டு மனிதர்களைக் கண்ணால் பார்த்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

கம்ப்யூட்டர் சென்டருக்குக் கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏம்மா, லாகூர் பஸ் எந்த பிளாட்பாரத்துல நிக்குது?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டு போய்விடுவேன். எல்லோரும் அப்படிச் சிரிப்பாகக் கேட்கவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு பையன்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவனின் அம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். அவரைத் தூரத்தில் கண்டால் வேறு சந்தில் திரும்பிப் போக ஆரம்பித்தேன்.

அந்த மாசியில் பாகிஸ்தானிலிருந்து ஆசிரியர்கள், டாக்டர்கள் என்று ஒரு சிறு கூட்டம் சென்னைக்கு வருவதாகத் தகவல் வந்தது. சென்னையில் இரண்டு நாள் இருந்துவிட்டு திருச்சியில் ஒரு கல்லூரிக்குப் போகிறார்கள். பெரம்பலூருக்கும் அழைத்துவிடலாம் என்று நான் குதித்தேன். சார்தான் என்னை உட்கார வைத்து விளக்கினார். அந்த நாட்டுக்காரர்களுக்கு நம் அரசாங்கம் விசா கொடுக்கும்போது எந்தெந்த ஊருக்குப் போகலாம் என்று ஊர்ப் பெயர் போட்டுத்தான் கொடுக்கும். வேறு ஊரில் இறங்கக் கூடாது. போகிற ஒவ்வொரு ஊரிலும் போலீஸில் பதிய வேண்டும். இவர்கள் விசாவில் சென்னை இருக்கிறது, திருச்சி இருக்கிறது, சிலருக்கு ஹைதராபாத் இருக்கிறது. பெரம்பலூரும் இல்லை, அரியலூரும் இல்லை.

"ஆனா ரயிலு அரியலூர் வழியாத்தான போவுது?" என்றேன்.

"போவுது. நிக்கவும் நிக்குது. அவங்க எறங்கக் கூடாது, அவ்வளவுதான்."

"அப்ப நாம பிளாட்பாரத்துல, அவங்க வண்டியில. அதுக்கு என்ன சட்டம் இருக்கு?"

அதற்குச் சட்டம் எதுவும் இல்லை என்று சார் ஒப்புக்கொண்டார். அக்கா மட்டும், வண்டி அரியலூரில் நிற்கும்போது அதில் இருப்பவர் எந்த ஊரில் இருப்பதாகக் கணக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர்கள் வண்டி வரும் நாளில் மதியமே பாயின் மாருதி வேனில் கிளம்பி அரியலூர் போய்விட்டோம். வீட்டில் கம்ப்யூட்டர் பரீட்சை என்று சொல்லியிருந்தேன். பிளாட்பாரத்தில் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலை வேலையை முடித்து வந்தவர்கள் முடியெல்லாம் தூசி படிந்து பாசஞ்சர் வண்டிக்காக உட்கார்ந்திருந்தார்கள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவர்களுடைய பெட்டி எங்கே வந்து நிற்கும்? தண்ணீர்க் குழாய்க்கு நேராக என்றார் ஒருவர், இல்லை, பின்னால் மேம்பாலத்துக்கிட்ட என்றார் இன்னொருவர். வண்டி நின்ற பிறகு ஓடித் தேடினால் இரண்டு நிமிடமும் ஓட்டத்திலேயே போய்விடுமே. யாராவது எதிர்த்துக் கோஷம் போட்டால்? ரயில்வே போலீஸ் வந்து கேட்டால்? கையில் இருந்த ரோஜா மாலையின் இதழ்களை என்னை அறியாமல் பிய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மாலையைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்போதுதான் அவருடைய பையில் இருந்த தாம்பாளத்தைக் கவனித்தேன். ஒரு பாட்டிலில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், வெற்றிலை, கற்பூரம். ஆரத்தி எடுக்கப் போகிறாராம்.

சார் பதறினார். வண்டிக்குள் நெருப்பு காட்டக் கூடாது என்றார்.

"வண்டிக்குள்ள எவ காட்டப் போறா? மொத மொத நம்ம ஊருக்கு வராங்க. சும்மா கையாட்டி அனுப்பறதா?" என்றார் அக்கா. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

வண்டி வந்தது. பெட்டி மேம்பாலத்துப் பக்கமும் நிற்கவில்லை, குழாய்க்கு நேராகவும் நிற்கவில்லை. நல்லவேளையாக எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. வாசலில் ஏழெட்டு முகங்கள், எல்லாம் சிரிப்பு. எனக்கு ஒரே ஏமாற்றம், சந்தோஷமான ஏமாற்றம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் மாதிரியே இருந்தார்கள். பாய் உருதில் என்னவோ சொன்னார். உள்ளேயிருந்து ஒரே ஆரவாரம். மாலைகள் கைமாறின. முன்னால் நின்றவர் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், கராச்சியில் பள்ளி ஆசிரியை. அவர் என் கன்னத்தைத் தொட்டு ஆங்கிலத்தில் என் பெயரைக் கேட்டார்.

அக்கா தட்டோடு முன்னால் வந்தார். உயரமான படியில் நிற்பவருக்கு எப்படிச் சுற்றுவது? கை எட்டவில்லை. காற்றில் கற்பூரமும் பற்றவில்லை. "இப்படியே சுத்துனா ரயிலுக்கு ஆரத்தி எடுத்த மாதிரியில்ல இருக்கும்" என்று அக்கா முணுமுணுத்தார். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தட்டையும் அக்காவின் தவிப்பையும் பார்த்தார். தனக்காகத்தான் என்று புரிந்துகொண்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

சாருக்கு வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பிளாட்பாரம்தானே, ஊருக்குள்ளா வந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். மூன்றாவது தீக்குச்சியில் கற்பூரம் பற்றியது. அக்கா நிதானமாக, வீட்டு வாசலில் நின்று சுற்றுவதுபோலச் சுற்றினார். விரலை நனைத்து நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோதே வண்டி அசைந்தது.

அந்த அம்மாள் திரும்பி ஓடப் பார்த்தார். அக்கா தட்டைப் போட்டுவிட்டு அவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓடும் வண்டியில் ஏறப்போய்க் காலை இழந்தவர்களுக்குக் கட்டுப் போட்டவர் அக்கா. அந்தப் பிடியை யாராலும் விடுவிக்க முடியாது. வாசலில் நின்றவர்கள் கத்தினார்கள். உள்ளே ஒருவர் அபாயச் சங்கிலியை எட்டிப் பிடிப்பதும், இன்னொருவர் அவர் கையைத் தட்டிவிடுவதும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சங்கிலியை இழுத்தால் ரயில்வே போலீஸ் வரும், விசாரிக்கும். அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பாய் வண்டியோடு ஓடிக்கொண்டே உருதில் கத்தினார். திருச்சியில் ஸ்டேஷனை விட்டு வெளியே போகாதீர்கள், ரோடு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று சொன்னதாகப் பிறகு சொன்னார். சிமெண்ட் ஆலைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

கடைசிப் பெட்டியும் போனது. அந்த அம்மாள் வெறுங்கையோடு நின்றார். கைப்பை வண்டியில். பாஸ்போர்ட் கைப்பையில்.

சார் உடனே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தவறி நின்றுவிட்டார், அதில் குற்றம் என்ன இருக்கிறது? பாய் குறுக்கே வந்து நின்றார்.

"சார், நீங்க சொன்னா அவரு போலீஸுக்குச் சொல்லியே ஆவணும். சொன்னா எழுதுவாங்க. எழுதிட்டா இவங்கள அப்படியே பார்டருக்கு அனுப்பிடுவாங்க."

பிறகு அந்த அம்மாளிடம் உருதில் மெல்லக் கேட்டார். அவர் சொன்ன பதிலைக் கேட்டுப் பாயின் முகம் மாறியது. எங்களிடம் திரும்பிச் சொன்னார். இவருடைய சொந்த அக்கா ஹைதராபாத்தில் இருக்கிறார். கல்யாணமாகி இந்தப் பக்கம் தங்கிவிட்டவர். கூடப் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது. எத்தனையோ தடவை விசாவுக்குப் போட்டும் மறுத்துவிட்டார்கள். இந்தக் குழுவோடு சேர்ந்து வந்ததால்தான் இந்த முறை கிடைத்தது. திருச்சி முடிந்ததும் ஹைதராபாத். அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை.

இந்த அம்மாள் அழவில்லை. ஆங்கிலத்தில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். திருச்சி எவ்வளவு தூரம் என்று.

சார், திருச்சியில் கல்லூரிக் கூட்டத்தை ஏற்பாடு செய்திருந்த அமைப்பாளருக்குப் போன் செய்ய ஓடினார். அமைப்பாளர் ஏற்கெனவே ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டதாக அவர் மனைவி சொன்னாராம். கூட வருகிறேன் என்று எங்கள் அக்கா அடம்பிடித்தார். டூட்டியிலிருந்து நேராக நர்ஸ் உடுப்பில் வந்திருப்பவரைக் கூட்டிப்போனால் கண்ணில் படும் என்று பாய் மறுத்துவிட்டார். கடைசியில் பாய், அந்த அம்மாள், நான் மூவரும் கிளம்பினோம். துணைக்கு ஒரு பெண் வேண்டுமே என்றுதான் என்னை ஏற்றிக்கொண்டார். இல்லையென்றாலும் நான் ஏறியிருப்பேன்.

கீழப்பழுவூர் வரை முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று. பாய் ஒவ்வொரு முறையும் ஹாரன் அடிக்கப் போய், வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாள் நெற்றியில் பாதி வைத்திருந்த சிவப்புப் பொட்டைத் துப்பட்டாவால் துடைத்தார். பிறகு துப்பட்டாவை எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைப்பைப் போடுவதுபோலப் போட்டுக்கொள்ளட்டுமா என்று சைகையில் கேட்டார். எப்படிப் போட்டாலும் அது சல்வார்தான், புடவை ஆகாது. அந்த நாளில் எங்கள் பக்கம் ஐம்பது வயதுப் பெண்மணி சல்வாரில் இருந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

"சார்ஜாவுல நானும் ஒரு பெஷாவர்க்காரனும் எட்டு வருசம் ஒரே ரூம்ல படுத்து எந்திரிச்சோம். ஒரே சட்டியில தின்னோம். ஏன்டா சேர்ந்து திங்கிறீங்கன்னு எவனும் கேக்கல" என்றார் பாய், ரோட்டைப் பார்த்தபடியே. "இங்க அரியலூர்லேர்ந்து திருச்சி போறதுக்குள்ள உசுரு போவுது."

அவர் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டியவர். பிடிபட்டால் அவருக்கு என்ன ஆகும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டு அவர் வண்டியை நிறுத்திவிட்டால்?

புள்ளம்பாடியைத் தாண்டி ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. நாங்கள் நின்ற கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. முன் சீட்டில் இருந்த ஏட்டு சும்மா, பொழுது போகாமல், எங்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்கேர்ந்து வரீங்க பாய்?"

"அரியலூருங்க. திருச்சி வரைக்கும்."

"அந்தம்மா யாரு?"

பாய் திணறினார். நான் முந்திக்கொண்டேன். "எங்க டீச்சருங்க. பல்லு வலி. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறோம்."

சொன்ன வேகத்தில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஏட்டு அவரைப் பார்த்து, எந்தப் பக்கம் வலி என்று தமிழில் நேராகவே கேட்டுவிட்டார். நான் என் கன்னத்தில் கை வைத்துக் காட்டினேன். அந்த அம்மாள் ஒரு நொடி என்னைப் பார்த்தார். உடனே துப்பட்டாவைச் சுருட்டி இடது தாடையில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி ஒரு முனகல் முனகினார் பாருங்கள், எனக்கே பல் வலித்தது.

"ஐயோ பாவம், வாயைக்கூடத் தொறக்க முடியல. நேத்து ராத்திரி பூரா எம் பொண்டாட்டி இப்படித்தான்" என்றார் ஏட்டு. பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு டாக்டர் இருக்கிறார், வலிக்காமல் பிடுங்குவார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். சரக்கு ரயில் பெட்டி பெட்டியாக, முடியாமல், போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடியும்வரை அந்த அம்மாள் முனகலை நிறுத்தவில்லை. கேட் திறந்ததும் ஏட்டு எங்களை முன்னால் போகச் சொன்னார். லால்குடி தாண்டும்வரை பின்னாலேயே வந்தது ஜீப். உதவி செய்கிறாரா, சந்தேகப்படுகிறாரா? கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு திருப்பத்தில் ஜீப்பைக் காணவில்லை. அந்த அம்மாள் தாடையிலிருந்து கையை எடுத்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாயிடம், வண்டி இப்போது போய்ச் சேர்ந்திருக்குமா என்று கேட்டார். அரை மணி நேரம் முன்னாலேயே போயிருக்கும் என்பதைச் சொல்ல மனம் வராமல் பாய் கியரை மாற்றினார்.

திருச்சி ஜங்ஷன். பாய் வேனை விட்டு இறங்கவில்லை. நான் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே போனேன். பிளாட்பாரம் காலியாக இருக்கும், எல்லாம் முடிந்திருக்கும் என்றே நினைத்தேன்.

முடியவில்லை. அவருடைய கூட்டாளிகள் பெஞ்சுகளைச் சுற்றி அலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெட்டியைக் காணோம் என்று அடம்பிடித்து நகராமல் இருந்திருக்கிறார்கள். இல்லாத பெட்டி. சாதா உடுப்பில் இருந்த ஒரு போலீஸ்காரர் வேர்க்க விறுவிறுக்கக் குனிந்து பெஞ்சுக்கடியில் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் வருவதைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு டாக்டர் அவசரமாக, அதோ பாத்ரூமிலிருந்து வந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். போலீஸ்காரர் நிமிர்ந்தார். முதலில் அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு என் கையில் இருந்த பிளாட்பாரம் டிக்கெட்டை.

"நீ யாரும்மா?"

"வரவேற்புக் குழுங்க."

"எந்த ஊரு?"

"பெரம்பலூர்."

அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பெரம்பலூருக்குத்தான் ரயிலே கெடையாதே" என்றார்.

நான் டிக்கெட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். அவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். காலையில் ஆபீஸில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்றார். வழக்கமே அதுதானா, எங்கள் மேல் சந்தேகப்பட்டுச் செய்தாரா என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. கிளம்பும்போது அந்த அம்மாள், எனக்குப் போன் உண்டா என்று கேட்டார். பூத் நம்பரை ஒரு டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன். ஹைதராபாத்தில் தன் அக்காவைப் பார்த்துவிட்டால் போன் செய்கிறேன் என்றார்.

மறுநாள் மதியம் சாருக்குத் திருச்சியிலிருந்து தகவல் வந்தது. மற்றவர்களின் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாளுடையது மட்டும் அதிகாரி வந்த பிறகுதானாம். சாயங்காலம் அதுவும் கொடுத்துவிட்டதாக இன்னொரு தகவல் வந்தது. ஆனால் ஏதாவது எழுதியிருக்கிறார்களா, ஹைதராபாத் ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்களா, சாருக்குத் தெரியவில்லை. பாய் இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை. நர்ஸ் அக்கா வேலைக்குப் போகும் வழியில் தினமும் சென்டருக்கு வந்து வாசலிலேயே நின்று, "ஏதாச்சும் தெரிஞ்சுதாடி?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன்.

மூன்றாம் நாள்தான் அவர் ஹைதராபாத் போய்ச் சேர வேண்டிய நாள்; வகுப்பை இன்னொருவரிடம் தள்ளிவிட்டு மதியத்திலிருந்தே பூத்தில் உட்கார்ந்துவிட்டேன். பூத்காரர் அன்றைக்கு லாகூர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு மேல் ஒரு பெண் குழந்தையோடு வந்து துபாயில் இருக்கும் புருஷனோடு பேச ஆரம்பித்தார். பேச்சு முடிகிற வழியாக இல்லை. குழந்தைக்குப் பல் முளைத்தது, ஓடு மாற்றியது, கொழுந்தன் சண்டை. அந்த ஒரு லைன்தான் பூத்தில் இருந்தது. இந்த நேரத்தில் அங்கிருந்து கூப்பிட்டு, லைன் கிடைக்காமல், சரி போகட்டும் என்று விட்டிருந்தால்? அவர் ரிசீவரை வைத்ததும் நான் எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஒருவர் சென்னைக்குப் பேச வேண்டும் என்றார். பூத்காரர் அவரை அந்தப் பக்கம் இருக்கும் பூத்துக்கு அனுப்பிவிட்டார்.

இருட்டத் தொடங்கியபோது மணி அடித்தது.

"பேட்டி?" என்றது குரல். மகளே என்று அர்த்தம், பாய் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவர் ஆங்கிலத்தில் பேசினாரா உருதில் பேசினாரா என்பதே எனக்கு விளங்கவில்லை. ஏனென்றால் பின்னால் இன்னொரு பெண்குரல் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. கோபக் குரல். என் உயிர் போய்விட்டது. போலீஸா என்று கேட்டேன்.

"இல்லை, இல்லை. அக்கா" என்றார் அவர். "நான் இளைத்துவிட்டேனாம். வந்ததிலிருந்து திட்டிக்கொண்டே இருக்கிறாள். பதினோரு வருடமும் ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம்."

அந்தக் குரல் நெருங்கி வந்தது. ரிசீவர் கைமாறியது. அக்கா என்னிடமும் அதே கோபத்தோடு பேச ஆரம்பித்தார். தங்கையை நான்தான் பட்டினி போட்டு அனுப்பினேன் என்று நினைத்தாரோ, இல்லை நன்றிதான் சொன்னாரோ, ஒரு வார்த்தை புரியவில்லை. இரும ஆரம்பித்து, இருமல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பூத்காரர் என்ன என்று கையால் கேட்டார். நான் சுவரில் சாய்ந்துகொண்டு, "சரிங்க, சரிங்க" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.